உடல்வாகு – 9: எரிகலனுக்குப் போன படங்கள்

சென்ற வாரம் சியாட்டில் நகரத்து வீடு ஒன்றில் நிறுத்தியிருந்தோம். 1950 செப்டம்பர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்திருந்த பெண்ணொருத்தி தன் பெற்றோரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னாள். அது என்ன என்பதை இந்த வாரத்துக்கு வைத்திருந்தேன்.

அவள் சொன்னது இதுதான். புதிதாகச் சேர்ந்த மாணவிகளை ஆடையில்லாமல் நிற்கவைத்துப் படம் எடுக்கிறார்கள். எடுப்பவர் ஒரு டாக்டர். ஆராய்ச்சிக்காக. பல்கலைக்கழகமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

மறுநாள் காலையில் வழக்கறிஞர்களும் பல்கலைக்கழக அதிகாரிகளும் திரண்டு அந்த ஆய்வறைக்குள் நுழைந்தார்கள். பெண்களின் படங்களை ஒன்றுவிடாமல் கைப்பற்றினார்கள். எல்லாவற்றையும் எரிகலனில் போட்டுக் கொளுத்தினார்கள். எரிந்தவை சில ஆயிரம் என்கிறார்கள்.

அதன்பின் கிளம்பிய சண்டை விசித்திரமானது. ஆய்வுச் சான்றுகளை எரிப்பது புத்தகத்தை எரிப்பதற்குச் சமம் என்றது ஒரு தரப்பு. விஞ்ஞானத்தின் பெயரில் நடக்கும் ஆபாசம் என்றது இன்னொரு தரப்பு. டாக்டரின் மானமும் பல்கலைக்கழகத்தின் மானமும் அலசப்பட்டன. அந்தப் பெண்கள் எதற்குச் சம்மதித்தார்கள், மறுக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்விதான் முதலில் எழுந்திருக்க வேண்டும். அது ஓரத்துக்குப் போய்விட்டது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் படிக்கும்போதும் எனக்கு ஆறாத விஷயம் இது.

அந்த டாக்டர் வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன். இன்று மதுரையிலோ சேலத்திலோ ஜிம்முக்குப் போகும் இளைஞன், "நான் எக்டோமார்ஃப், எனக்கு உடம்பு ஏறாது" என்று சொல்கிறானே, அந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர். ஒரு மருத்துவர் எந்த வழியாகச் சியாட்டிலின் அந்த அறைக்கு வந்து சேர்ந்தார்?

*

தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காக, வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடல்வாகு என்று நாம் சொல்வதை மருத்துவர்கள் 'ஹேபிட்டஸ்' என்பார்கள். ஸ்கேன் அறிக்கையில் 'உடல்வாகு காரணமாகச் சரியாகத் தெரியவில்லை' என்ற பொருளில் ஒரு வரி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றுச் சுவரின் கனத்தைத் தாண்டி ஒலியலை தெளிவாகப் போய்த் திரும்பவில்லை என்பதுதான் அதன் பெரும்பாலான அர்த்தம். ஹிப்போக்ரட்டீஸ் பெயரால் வழங்கிவரும் பழைய மருத்துவ மரபு இரண்டு உடல்வாகுகளைப் பிரித்தது. ஒல்லியாக, நீண்டு, நெஞ்சு ஒடுங்கிய உடல் காசநோய்க்கு இடம் கொடுக்கும். குட்டையாக, கழுத்து தடித்த உடல் பக்கவாதத்துக்கு இடம் கொடுக்கும்.

1917-இல் இந்தச் சொல்லுக்கு ஓர் உருப்படியான வேலை கிடைத்தது. செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர் வால்டர் மில்ஸ், பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரேயில் வயிற்றைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஆளுக்கு ஆள் இரைப்பை வேறு வேறு இடத்தில் இருப்பதைக் கவனித்தார். அகன்ற பருத்த உடலில் இரைப்பை மேலே ஏறிக் குறுக்காகப் படுத்திருக்கிறது. மெலிந்து நீண்ட உடலில் அதே இரைப்பை கீழே தொங்கி இடுப்பெலும்புக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. பித்தப்பையும் அப்படித்தான், ஒன்றில் மேலே வெளிப்பக்கம், இன்னொன்றில் கீழே நடுக்கோட்டை ஒட்டி. ஹைப்பர்ஸ்தெனிக், ஸ்தெனிக், ஹைப்போஸ்தெனிக், ஏஸ்தெனிக் என்று மில்ஸ் நான்கு பெயர் வைத்தார். ரேடியோகிராபி படிக்கிற பிள்ளைகள் இன்றும் இந்த நான்கையும் படிக்கிறார்கள். எந்த நோயாளிக்குத் தகட்டை எந்த உயரத்தில் வைப்பது என்பதை அது சொல்லிவிடுகிறது. உடல்வாகு என்ற சொல் தன் எல்லைக்குள் நின்று வேலை செய்த இடம் அது. அந்த மனிதர் நல்லவரா, கோபக்காரரா என்று மில்ஸ் கேட்கவில்லை.

கேட்டவர் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் க்ரெச்மர். 1921-இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே 'உடலமைப்பும் குணமும்'. மனச்சிதைவு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒல்லி, பித்து-சோர்வு மாறிமாறி வருகிறவர்கள் பெரும்பாலும் உருண்டையான உடல் என்றார். அதில் இருந்த ஓட்டையை இரண்டு வாரம் முன்பு பார்த்தோம். முதல் நோய் பெரும்பாலும் இளவயதில் பிடிக்கிறது, இரண்டாவது அதைவிடச் சற்று வயது கூடியவர்களிடம் அதிகம் தெரிகிறது. வயது ஏறினால் உடம்பும் ஏறும்.

1930-களில் ஐரோப்பாவுக்குப் போய் இதே க்ரெச்மரைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் ஷெல்டன்.

*

ஷெல்டன் 1898-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தவர். சிகாகோவில் முதலில் உளவியலில் டாக்டர் பட்டம், பிறகு மருத்துவப் பட்டம். ஐரோப்பியப் பயணத்தில் ஃப்ராய்டையும் யுங்கையும்கூடச் சந்தித்தார். 1938-இல் ஹார்வர்டுக்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த கூட்டாளி எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ், அளவீடு என்றால் என்ன என்பதைப் பற்றியே பின்னாளில் புகழ்பெற்ற கட்டுரை எழுதியவர். ஆகவே ஷெல்டனை வெறும் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் செய்ததில் உண்மையான முன்னேற்றம் ஒன்று இருந்தது.

க்ரெச்மர் மனிதர்களைப் பெட்டிகளில் அடைத்தார். ஒல்லிப் பெட்டி, கட்டுடல் பெட்டி, உருண்டைப் பெட்டி. தெருவில் போகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் எதிலும் சரியாக அடங்கமாட்டார்கள். ஷெல்டன் பெட்டியை உடைத்தார். எல்லார் உடலிலும் மூன்று கூறுகளும் உண்டு, அளவுதான் வேறு என்றார். கருவில் முதலில் உருவாகும் மூன்று அடுக்குகளிலிருந்து பெயர் எடுத்தார். உள்ளடுக்கிலிருந்து குடல் வருகிறது; ஆகவே வயிறும் மென்மையும் உருண்டையும் மேலோங்கிய கூறு எண்டோமார்ஃபி. நடு அடுக்கிலிருந்து தசையும் எலும்பும், அது மீசோமார்ஃபி. வெளியடுக்கிலிருந்து தோலும் நரம்பும். மெலிந்து நீண்ட உடல் எக்டோமார்ஃபி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். 7-1-1 என்றால் உருண்டையின் உச்சம். 1-7-1 பயில்வான். 1-1-7 கொடிபோன்ற உடல். 4-4-4 நட்டநடு. இந்த மூன்றெண் கோவைக்கு 'சோமட்டோடைப்' என்று பெயர்.

எண் போட உடல் தெரிய வேண்டும். சட்டை போட்டிருந்தால் தெரியாது. சுமார் 4,000 கல்லூரி ஆண்களின் படங்கள் சேர்ந்தன. ஒரே தூரம், ஒரே நிலை, முன், பக்கம், பின் என மூன்று தோற்றங்கள். படச்சுருளின் மீதே 17 இடங்களில் அகலம் அளந்து உயரத்தோடு ஒப்பிட்டார்கள். உயரத்தை எடையின் கனமூலத்தால் வகுத்த எண்ணையும் சேர்த்துக்கொண்டார்கள். 1940-இல் புத்தகம் வந்தது. இத்தனை பேர் எப்படி அகப்பட்டார்கள் என்றால், ஹார்வர்ட், யேல், வாஸர், வெல்ஸ்லி போன்ற பெரிய கல்லூரிகளில் அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. கூன் விழாமல் நிற்கிறார்களா என்று பார்க்கப் புதிய மாணவர்களை ஆடையின்றிப் படமெடுப்பார்கள். நிமிர்ந்த முதுகு நல்ல வளர்ப்பின் அடையாளம் என்று நம்பிய காலம். மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது முதுகுப் பரிசோதனை. படங்கள் போய்ச் சேர்ந்ததோ வேறொருவரின் ஆராய்ச்சிக்கு.

இதுவரை நடந்தது உடலை அளப்பது. 1942-இல் ஷெல்டன் எல்லையைத் தாண்டினார்.

*

அந்த ஆண்டு வந்த புத்தகம் குணத்தைப் பற்றியது. 200 இளைஞர்களின் சுபாவத்தையும் உடலையும் தனித்தனியே எடைபோட்டதாகச் சொன்னார். உருண்டை உடல்காரர் சாப்பாட்டிலும் கூட்டத்திலும் சுகம் காண்பவர். தசை உடல்காரர் ஆதிக்கமும் துணிச்சலும் உள்ளவர். மெலிந்தவர் ஒதுங்கிக்கொள்பவர், யோசிப்பவர், தூக்கம் வராதவர். உடலுக்கும் குணத்துக்கும் இருந்த ஒட்டுறவு எண் மூன்றிலும் 0.8-ஐ ஒட்டி வந்தது. முழுமையான ஒட்டுறவு என்றாலே 1தான். உளவியலில் 0.3 கிடைத்தாலே கட்டுரை எழுதுவார்கள். 0.8 என்றதும் படித்தவர்கள் அசந்துபோனார்கள்.

அசந்தவர்களில் ஒருவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. நெடுநெடுவென்று வளர்ந்து, மெலிந்து, கண்பார்வை குன்றிய அந்த எழுத்தாளர், தன்னையே இந்த எண்களில் அடையாளம் கண்டுகொண்டார். 1944-இல் ஹார்ப்பர்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரை இந்தக் கொள்கையைச் சாதாரண வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆனால் அந்த 0.8 எங்கிருந்து வந்தது? உடலுக்கு மதிப்பெண் போட்டவரும் ஷெல்டன், அதே இளைஞனோடு பேசிக் குணத்துக்கு மதிப்பெண் போட்டவரும் ஷெல்டன். கேள்வித்தாள் எடுத்தவரே விடையும் எழுதித் திருத்திக்கொண்ட பரீட்சை மாதிரி. ஒல்லியான பையன் எதிரே வந்து உட்கார்ந்தபோதே, இவன் கூச்சக்காரனாகத்தான் இருப்பான் என்று அவர் மனதில் முடிவாகியிருந்தால் அதை எந்த எண் காட்டிக்கொடுக்கும்? மற்றவர்கள் கேள்வித்தாள் மூலம் தனியே சோதித்தபோது ஒட்டுறவு வெகுவாகச் சுருங்கிப்போனது.

குணத்திலிருந்து குற்றத்துக்கு ஒரே எட்டு. 1949-இல் அடுத்த புத்தகம், பாஸ்டன் நகரத்து ஹேடன் குட்வில் விடுதியில் இருந்த 200 பையன்களைப் பற்றியது. குற்றம் செய்பவர்களில் தசைக் கட்டுள்ளவர்கள் அதிகம் என்பது முடிவு. எட்வின் சதர்லேண்ட், அமெரிக்கக் குற்றவியலின் தலைமகன், அந்தப் புத்தகத்தைப் பிரித்து மேய்ந்தார். ஷெல்டன் குற்றம் என்று எதைச் சொல்கிறார் என்று தேடினார். சட்டத்தை மீறுவதைச் சொல்லவில்லை. எதிர்பார்ப்பை ஏமாற்றுவதுதான் குற்றமாம். யாருடைய எதிர்பார்ப்பை? ஷெல்டனுடையதை. பாஸ்டனின் ஏழைப் பையன்களுக்கு அந்த எதிர்பார்ப்பு இருப்பதே தெரியாது. அந்த எழுத்துகளில், யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று தீர்மானிக்கும் இனமேம்பாட்டு ஆசையும் ஒளிவுமறைவின்றி இருந்தது. ஜெர்மனியில் அந்த ஆசை எங்கே கொண்டுபோய் விட்டது என்று உலகம் பார்த்து முடித்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

இந்தப் புத்தகம் வெளிவந்த மறுவருடம்தான் சியாட்டில்.

*

படங்கள் எரிந்ததும் ஷெல்டன் ஓய்ந்துவிட்டாரா? இல்லை. 1954-இல் 'ஆண்களின் வரைபடத் தொகுப்பு' வந்தது. 46,000 ஆண்களின் படங்களை அடிப்படையாகக் கொண்டது என்றார். ஒவ்வோர் உடல்வகைக்கும் ஒரு விலங்கின் பெயர் சொல்லி ஒப்பிட்டிருந்தார். பெண்களுக்கும் இதேபோல் ஒரு தொகுப்பு போடுவது அவருடைய கனவு. அது வெளிவரவே இல்லை.

அவருடைய கோட்டையில் உண்மையான வெடிப்பு அதற்கும் முன்பே, வேறோர் ஊரில் விழுந்திருந்தது. அதை விழவைத்தவர்கள் சண்டை போடவே மறுத்தவர்கள்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானம். பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் அறைகள். 1944 நவம்பரில் அங்கே 36 இளைஞர்கள் குடிவந்தார்கள். ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள். ஐரோப்பா பட்டினியில் கிடந்தது. பட்டினி கிடந்தவர்களை எப்படி மீட்பது என்று தெரிய வேண்டும்; அதற்கு எங்கள் உடலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முன்வந்தவர்கள். ஆய்வை நடத்தியவர் ஆன்செல் கீஸ். மூன்று மாதம் வழக்கமான சாப்பாடு. பிறகு 24 வாரம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி, அதுவும் நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. அதோடு வாரத்துக்கு 22 மைல் நடை. உடல் எடையில் கால்பங்கு கரைந்தது. கனவெல்லாம் சாப்பாடு. சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு படித்தார்கள். சிரிப்பு போனது, நட்பு போனது. அவர்களுடைய பொறுமையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றும்.

இதற்கும் ஷெல்டனுக்கும் என்ன தொடர்பு? சோமட்டோடைப் பிறவியிலேயே அமைந்தது, சாப்பாட்டாலோ வயதாலோ மாறாது என்பது ஷெல்டனின் அடிப்படை வாதம். அது மாறுமென்றால் குணமும் குற்றமும் உடலில் எழுதப்பட்டிருக்கின்றன என்ற பேச்சே நிற்காது. மின்னசோட்டாவில் அந்த இளைஞர்களைப் பட்டினிக்கு முன்பும் பட்டினியின்போதும் படமெடுத்திருந்தார்கள். கேப்ரியல் லாஸ்கர் என்ற மானிடவியலாளர் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு ஷெல்டனின் முறைப்படியே எண் போட்டார்.

எண்கள் மாறியிருந்தன. உருண்டைக் கூறு சரிந்தது, தசைக் கூறு சரிந்தது, மெலிந்த கூறு ஏறியது. பிறவியிலேயே எழுதப்பட்டதென்று சொன்ன எண்ணை 24 வாரத்துச் சாப்பாடு திருத்திவிட்டது. 1947-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. நம் ஜிம் இளைஞனிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டும். தம்பி, 'எக்டோமார்ஃப்' என்பது உன் இன்றைய அளவு. நாளைக்கு அது மாறலாம்.

*

வெளியே இருந்து வந்த அடியைவிட உள்ளே இருந்து வந்ததுதான் ஷெல்டனுக்குப் பெரியது. பார்பரா ஹனிமன் ஹீத் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பெண்களின் உடல்வகைப் பணியில் முதன்மை உதவியாளராக இருந்தவர். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர். உடல் வயதோடு மாறுகிறது என்பது அவருக்குப் படங்களிலேயே தெரிந்தது. ஷெல்டன் ஒப்பவில்லை. 1950-களில் ஹீத் விலகினார். பின்னாளில், ஷெல்டன் தரவுகளைத் தன் கொள்கைக்குப் பொருந்தும்படி திருத்தினார் என்றே குற்றம்சாட்டினார்.

விலகியவர் குற்றம்சாட்டுவதோடு நிற்கவில்லை. 1967-இல் லிண்ட்சே கார்ட்டருடன் சேர்ந்து முறையையே மாற்றி எழுதினார். ஆடை களையும் படம் கட்டாயமில்லை. உயரம், எடை, நான்கு இடத்தில் தோல்மடிப்பின் கனம், முழங்கை, முழங்கால் எலும்புகளின் அகலம், புயம், கெண்டைக்கால் சுற்றளவு, ஆக மொத்தம் பத்து அளவு. 7 என்ற உச்சவரம்பும் போயிற்று. எண் மாறலாம் என்பது இலக்கணத்திலேயே ஒத்துக்கொள்ளப்பட்டது. குணம் பற்றி ஒரு சொல் கிடையாது. இன்று விளையாட்டு அறிவியலில் ஓட்டக்காரரையும் பளுதூக்குபவரையும் அளக்கப் பயன்படுவது இந்த ஹீத்-கார்ட்டர் முறைதான். ஷெல்டன் கட்டியதில் நிற்கத் தகுந்ததை ஹீத் காப்பாற்றிக் கொடுத்தார். அவர் பெயர் பயிற்சியாளர்களில் பலருக்குத் தெரியாதது பெரிய அநியாயம்.

ஹீத்தின் குற்றச்சாட்டை நம்புவதா? ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல். சியாட்டிலில் சாம்பலானவை போக மற்ற கல்லூரிகளின் படங்கள் எங்கே போயின என்பது தனிக்கதை. 1995-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கட்டுரை வரும்வரை நாடு அதை மறந்திருந்தது. அதற்கும் ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் ஷெல்டனின் கைச் சுத்தத்தைச் சோதிக்க உடற்படங்களே வேண்டாம். அவருக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது.

அவர் நாணயம் சேர்ப்பவர். அமெரிக்காவின் பழைய பெரிய செம்புக் காசுகளில் அவரை மிஞ்சிய நிபுணர் அன்றைக்கு அரிது. பாஸ்டன் பையன்களைப் பற்றிய புத்தகம் வந்த அதே 1949-இல் காசுகளைப் பற்றியும் ஒரு புத்தகம் போட்டார். உடலுக்கு 1 முதல் 7 வரை போட்டவர், காசின் தரத்துக்கு 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் வகுத்தார். அமெரிக்க நாணய வியாபாரிகள் இன்றும் அதை ஒட்டிய அளவுகோலை வைத்துத்தான் தரம் பேசுகிறார்கள்.

நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில், ஜார்ஜ் கிளாப் என்பவர் நன்கொடையாகக் கொடுத்த செம்புக் காசுகள் இருந்தன. ஷெல்டன் அங்கே தாராளமாக வந்துபோகிறவர். பல ஆண்டுகள் கழித்து அந்தக் காசுகளைச் சரிபார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் சில இடங்களில் கிளாப் கொடுத்த காசு இல்லை. அதே ரகத்தில் தரம் குறைந்த வேறு காசு இருந்தது. விவகாரம் கலிஃபோர்னியா நீதிமன்றம் வரை போனது.

மாற்றி வைத்தது யார்? அடுத்த வாரம் வாருங்கள், அந்த வழக்கைப் பார்ப்போம்.

(தொடரும்)